ஐந்தில் நின்ற முள்

அத்தியாயம் 14

கூடத்துச் சுவரில் மாலைக்கு நடுவே இருந்த படத்தில் முகம் மட்டும்தான் சின்னப்பொண்ணுவுடையது. கழுத்து வேறு யாருடையதோ.

வாக்காளர் அட்டையில் கட்டைவிரல் நகமளவு இருந்த முகத்தை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கினார். கூடவே கம்ப்யூட்டரில் கைவசம் இருந்த ஒரு பட்டுப்புடவை, ஒரு ரெட்டை வடச் சங்கிலி, வெள்ளை வெளேர் என்று ஒரு கழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வயல்வேலை செய்த சின்னப்பொண்ணுவுக்கு அப்படியொரு கழுத்து கனவிலும் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் காயத்ரி அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் மாமியாரின் முகத்துக்குப் பயப்படவில்லை. கழுத்துக்குத்தான் பயந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை வருஷத் திதி. படையல் வைக்க உருப்படியாக ஒரு படம் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம், அவளுடைய கணவன் அன்புசெல்வன் ஒரு கலைஞன்.

சாவு நடந்த அன்று, ஊர் வழக்கப்படி உடலை எடுப்பதற்கு முன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கடைசிப் படம் எடுக்கப் போட்டோக்காரரைக் கூப்பிடப் போனார்கள். "எங்கம்மாவ எவனோ எடுக்கறதா? நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்று அன்புசெல்வன் தன் பழைய பிலிம் கேமராவை எடுத்து வந்தான். போனைத் தூக்கியவர்களையும் அதட்டி உட்கார வைத்தான். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னான். அவன் வேலை பார்ப்பது அத்திப்பட்டு மின் நிலையத்தில், ஒப்பந்த சூப்பர்வைசராக. ஊருக்கெல்லாம் போகும் மின்சாரம் அவன் கலைக்கு மட்டும் ஆகாது.

முப்பத்தாறு படங்கள் எடுத்தான். நான்காம் நாள், "ஒரு படமும் உழல. எல்லாம் வெளுப்பு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அப்பா சுப்பிரமணி மகனோடு பேசுவதில்லை. "அவன சாப்ட சொல்லும்மா" என்று மருமகளிடம்தான் சொல்வார், அவன் எதிரே உட்கார்ந்திருந்தாலும். மகனுக்கும் ஒரு வருத்தம் உண்டு. அவ்வளவு பேர் உட்கார்ந்த கடைசிப் படத்தில் அப்பா மட்டும் வந்து உட்காரவில்லை. தேடிப் பார்த்தார்கள், ஆளைக் காணோம்.

இதெல்லாம் பழைய கதை. போன வாரம் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, பச்சைப் பட்டாணிப் பைக்குப் பின்னால் காயத்ரியின் கைக்கு ஒரு சின்ன டப்பா தட்டுப்பட்டது. மூடியில் பேனாவால் 'அம்மா' என்று எழுதியிருந்தது. உள்ளே கழுவாத பிலிம் சுருள்.

வெளுத்துப் போகவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கழுவவே இல்லை.

ஒரு வாரம் கேட்காமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை டீ டம்ளரோடு அந்த டப்பாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

அன்புசெல்வன் டீயைப் பார்த்தான். டப்பாவைப் பார்க்கவில்லை.

"கழுவினா போயிடும்" என்றான்.

"கழுவலன்னா மட்டும் இருக்குதா இன்னா?"

"உனக்குப் புரியாது காயத்ரி. அன்னிக்கு நான் வெளிச்சத்த அளக்கல. கலைஞனுக்குக் கண்ணுதான் மீட்டர்னு நெனச்சேன். பதினோரு மணிக்கு நம்ம கூடத்துல மீட்டர் கணக்குல எட்டு வெளிச்சம் இருக்கும்னு கேமராவுல வெச்சி எடுத்தேன். எட்டு இருந்துதுன்னா மருந்துல ஒம்போது நிமிஷம் ஊறணும். அதுக்கும் கம்மியா இருந்திருந்தா இன்னும் அதிகமா ஊறணும். மாத்தி வெச்சா எல்லாம் போச்சு. ரெண்டாந்தபா கழுவ முடியாது."

"அப்ப அதே எடத்துல, அதே மாசத்துல, அதே பதினோரு மணிக்கு இன்னிக்கு அளந்து பாத்தா?"

அவன் டப்பாவை அவள் பக்கமே தள்ளினான். "அதுல ஒண்ணு இருக்கு காயத்ரி. அது வாணாம்" என்றான். எது என்று கேட்டதற்கு எழுந்து போய்விட்டான்.

காயத்ரி கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் தரச் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அங்கே எந்தக் கருவியையும் அவர்கள் சும்மா நம்புவதில்லை. ஷிப்டு ஆரம்பித்ததும், முன்பே கணக்குத் தெரிந்த ஒரு துண்டை வைத்துப் பார்ப்பார்கள். கருவி சரியாகச் சொன்னால்தான் அன்றைய இரும்பு உள்ளே போகும். அதுவும் மூன்று தடவை.

போனில் ஒரு செயலி இறக்கி வெளிச்சத்தை அளக்க அவளுக்குத் தெரியாததில்லை. அளந்தும் பார்த்தாள், தடவைக்கு ஒரு எண் காட்டியது. அது ஒழுங்காகவே காட்டினாலும் அன்புசெல்வன் நம்பமாட்டான். அவன் நம்ப வேண்டுமானால் எதற்கும் குறைந்தது ஐம்பது வயதாகியிருக்க வேண்டும்.

அதனால்தான் காலை ஏழு மணி பஸ்ஸில் திருவள்ளூருக்குப் போனாள்.

வீரராகவர் கோயில் குளத்துக்கு அருகே ஒரு தெருவில், 'வெள்ளித்துகள் வட்டம்' என்ற பிலிம் கலைஞர் சங்கத்தின் தலைமையகம் இருந்தது. தலைவர் அனந்தபத்மநாபனின் முன்னறைக்குத்தான் அந்தப் பெயர். சங்கத்தில் மொத்தம் நான்கு பேர். மூவர் நிர்வாகிகள். மிச்சமிருந்த அன்புசெல்வன்தான் பொதுக்குழு.

"வாம்மா, உக்காரு. அன்பு வரலியோ?" என்று கேட்ட அனந்தபத்மநாபன், விஷயத்தைக் கேட்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கண்ணாடி ஷோகேஸுக்குள் விளக்கைப் போட்டார். பதினோரு வெளிச்ச மீட்டர்கள், பட்டுத்துணி மேல் வரிசையாக.

"இதெல்லாம் வெறும் கருவியில்லம்மா. ஒளியோட மனசாட்சி."

"தொட்டுப் பாக்கலாமா சார்?"

மனசாட்சியை அவ்வளவு சுலபத்தில் தொட்டுவிட முடியாது. சாவி தேடவே கால்மணி ஆயிற்று.

முதலில் எடுத்தது பழுப்புத் தோல் உறைக்குள் இருந்தது. முகத்தில் தேன்கூடு மாதிரி கண்ணாடி. "பேட்டரியே கேக்காது. வெளிச்சத்தையே சாப்பிட்டு ஜீவிக்கறது."

காயத்ரி உள்ளங்கையால் கண்ணாடியைப் பொத்தினாள். முள் பூஜ்யத்தில் படுத்தது. நல்லது. வாசலுக்கு எடுத்துப் போனாள். மாசி மாதம், மேகமே இல்லாத ஒன்பது மணி. வெறும் வெயிலுக்கு முள் பதினைந்து காட்ட வேண்டும் என்று அன்புசெல்வன் ஆயிரம் தடவை பிரசங்கம் செய்திருக்கிறான். அவளைப் பொறுத்தவரை கணக்குத் தெரிந்த துண்டு அந்த வெயில்தான்.

முள் சோம்பலாக எழுந்து மூன்று வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"மூணுதான் காட்டுது சார்."

"அது... அடக்கமா சொல்லும்."

"செத்துடுச்சு சார்."

அனந்தபத்மநாபன் மீட்டரை வாங்கி ஒருமுறை தட்டினார், ஊதினார். முப்பது வருஷமாக அதன் மௌனத்தைப் பற்றி அவர் கூட்டங்களில் பேசியிருந்தார்.

இரண்டாவது பளபளவென்ற வெள்ளி நிறம். இதற்குப் பேட்டரி உண்டு. ஆனால் அந்தப் பாதரச பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. கடையில் கிடைப்பதைப் போட்டு வைத்திருந்தார். வெயிலில் பதினேழு காட்டியது.

"ரெண்டு அதிகமா பொய் சொல்லுது. எப்பவும் ரெண்டுன்னா கழிச்சிக்கலாமே?"

"அதான் இல்லையே. வெய்யில்ல ஒரு பொய், நிழல்ல ஒரு பொய். கரண்டு மாறிடுத்தோல்லியோ, அதுக்கே குழப்பம்."

அளந்து பொய் சொன்னாலும் பரவாயில்லை. ஆளுக்கேற்பப் பொய் சொல்வதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? காயத்ரி அதையும் கீழே வைத்தாள். மற்ற ஒன்பதையும் வரிசையாக வாசலுக்குத் தூக்கிப் போய் வந்தாள். அவள் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைக்க வைக்க, அனந்தபத்மநாபன் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவராகிக்கொண்டு வந்தார்.

"சார், இவ்ளோதானா?"

"இழுப்பறைல ஒண்ணு கிடக்கு. ஷோகேஸுக்கு லாயக்கில்ல."

ஓரம் உடைந்து பிளாஸ்திரி சுற்றிய பிளாஸ்டிக் மீட்டர். பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. நெற்றியில் பாதிக் கோலி மாதிரி வெள்ளையாக ஒரு குமிழ். கையால் பொத்தினாள், பூஜ்யம். வெயிலில் பதினைந்து. திண்டுக்கல் பூட்டுத் தொங்கிய நடையின் நிழலில் பதினொன்று. மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அதே.

அவளுக்கு உடனே புரிந்தது. வெளிச்சத்தைத் தின்னும் ஜாதி இது. ஷோகேஸ் விளக்கிலேயே இருந்தவை தின்று தின்று தீர்ந்து போயின. பத்திரிகைகளுக்கு அடியில், இருட்டில் கிடந்த இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

"இத நான் வாங்கிக்கறேன் சார்."

"வாங்கறதாவது. எடுத்துண்டு போ. நாலுக்குக் கீழ அதுக்குக் கண் தெரியாது, ஞாபகம் வெச்சுக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்புகிட்ட மட்டும் ஷோகேஸ்லேர்ந்து எடுத்தேன்னு சொல்லேம்மா."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தாள்.

சின்னப்பொண்ணு போனதிலிருந்து அந்த வீட்டுக் கூடத்தில் பகலிலும் டியூப்லைட் எரியும். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும், "மவராசி போனா, ஊட்டு வெளிச்சமே போச்சு" என்றுதான் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. உண்மையிலேயே இருட்டாகத்தான் இருந்தது. நாத்தனார் நந்தினி வந்தால் கூடத்தில் படுப்பதில்லை. "அம்மா இன்னும் எடத்த உட்டுப் போவல அண்ணி, எனக்குத் தெரியுது" என்பாள். அந்த இடத்தில் யாரும் பாய் விரிப்பதில்லை. நடக்கும்போதுகூட சற்று ஒதுங்கிப் போவார்கள்.

காயத்ரி டியூப்லைட்டை அணைத்தாள்.

"இன்னா பண்ற?" அன்புசெல்வன் அறை வாசலில் வந்து நின்றான். அவள் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தான். "ஷோகேஸ்ல இருந்தா எடுத்தாந்த?"

"இல்ல. இழுப்பறைலேர்ந்து."

கதவருகே குமிழைக் காட்டினாள். ஏழு. இரண்டடி உள்ளே வந்தாள், ஏழு. சுவரோரம் ஆறு. கூடத்து நடுவே, எல்லோரும் ஒதுங்கும் அந்த இடத்துக்கு மேல் கையை நீட்டினாள்.

முள் இறங்கி ஐந்தில் நின்றது.

கையை இழுத்தாள், ஆறு. நீட்டினாள், ஐந்து. ஓர் எண் இறங்கினால் வெளிச்சம் பாதி. நாலு சுவருக்குள், திறந்த கதவுக்கு நேராக, பாடை நீளத்துக்கு ஓர் இடம் மட்டும் எப்படி அதிக இருட்டாக இருக்கும்?

"மூணாவது வாட்டியும் அஞ்சுதான்" என்றாள்.

அன்புசெல்வன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நான் பொறந்து வளந்த ஊடு இது. அந்த எடத்துலதான் உக்காந்து படிப்பேன். இங்கதான் வெளிச்சமே ஜாஸ்தி. எட்டு. கண்டிப்பா எட்டு." அவன் டியூப்லைட் சுவிட்சுப் பக்கம் கை நீட்டினான். "உட்டுடு காயத்ரி. அம்மாவுக்குப் புடிக்கல."

அம்மாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, சோதனைக் கூடத்தில் பழகிய கை அப்படி விடாது. கையை நீட்டி அளப்பது வேறு, படம் எடுத்த முகத்தில் விழுந்த வெளிச்சத்தை அளப்பது வேறு. முகம் இருந்த இடத்தில் மீட்டர் இருக்க வேண்டும்.

காயத்ரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சின்னப்பொண்ணு கிடந்தது மாதிரியே, தெற்கே தலை வைத்துத் தரையில் படுத்தாள்.

"ஏய்! எந்திரி! இன்னா காரியம் பண்ற!"

முதுகுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. மீட்டரை மோவாய்க்கு மேல் பிடித்தாள். பக்கச் சுவரிலிருந்து அந்தக் கழுத்து எட்டிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. இந்த இடத்திலிருந்து கடைசியாக மேலே பார்த்த முகம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் கண் மேலே போய்விட்டது.

கூரையில், நேர் மேலே, சதுரமாக ஒரு கறுப்பு. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஏதோ பின்னல். பின்னலின் இடுக்குகளில் ஊசிமுனை மாதிரி வெளிச்சப் புள்ளிகள்.

வெளிச்சம் வருவதற்காக மொட்டைமாடித் தரையில் பதித்த கண்ணாடி அது. அதன் மேல் ஒரு கோணிப்பை கிடந்தது.

ஒரு வருஷமாக அந்தக் கோணியை அவள் மாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாலு மூலையிலும் செங்கல் வைத்து, மேலே எப்போதும் கொஞ்சம் புளியோ வேர்க்கடலையோ காயும். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. ஊரே கூடி வெளிச்சம் போச்சு என்று அழுதது. ஒருத்தரும் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோணி அங்கே எப்போது வந்தது என்பதுதான் இப்போது கேள்வி. படம் எடுத்த பிறகு போட்டதென்றால் ஒன்பது நிமிஷம். முன்பே போட்டதென்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மாற்றிக் கழுவினால் சின்னப்பொண்ணு போனது போனதுதான்.

மாடியில் எதைக் காயப்போட்டாலும் அந்த வீட்டில் அது ஒரே ஆள்தான்.

சுப்பிரமணி பின்கட்டில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். காயத்ரி எதிரே குந்தினாள்.

"மாமா, மாடி கண்ணாடி மேல கோணி கெடக்குதே, அது எப்ப போட்டது?"

செதுக்கிய கை நின்றது. மடியில் கிடந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"அவ மூஞ்சில வெயிலு அடிச்சிதும்மா."

"எப்ப மாமா?"

"அன்னிக்குத்தான். எல்லாரும் சுத்தி உக்காந்துக்கினு அயுவறாங்களே ஒயிய, எவனுக்குமே தெரியல. கண்ணாடி வழியா வெயிலு நேரா அவ கண்ணு மேல. உசுரோட இருக்க சொல்லவே வெயிலு ஆவாது அவளுக்கு, ஒத்தத் தலவலி. கண்ண மூடிக்கினு கெடந்தா கூசாதுன்னு எவன் கண்டான்? மேல போயி கோணிய போட்டேன். காத்துல பறந்துது. அதான் புடிச்சிக்கினு அங்கயே குந்திக்கினேன்."

"படம் எடுத்து முடிக்கிற வரைக்குமா?"

"எடுக்கற வரைக்கும்."

கதவுக்குப் பின்னால் ஏதோ உரசியது. அன்புசெல்வன் நின்றுகொண்டிருந்தான். ஒரு வருஷமாக அவன் அப்பாவைத் தேடிய படத்தில், அப்பா அவர்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்ப எல்லாமே அஞ்சுதான்" என்று காயத்ரி எழுந்தாள். கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

"ஒரே ஒரு தபா நகத்தினேன்" என்றார் சுப்பிரமணி.

"இன்னாது?"

"அவ மூஞ்சிய பாக்கணும் போல இருந்துது. கீய வந்தா கூட்டத்துல யாரு உடுவா? மேலேர்ந்தே லேசா நகத்தி, பாத்துட்டு, மூடிட்டேன்." உளியைக் கீழே வைத்தார். "அவ்ளோதான். அப்பறம் எடுக்க மனசு வரல. கெடக்கட்டும்னு உட்டுட்டேன்."

காயத்ரி மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி கூடத்துக்கு வந்து அதே இடத்தில் படுத்தாள். "மாமா, அதே மாதிரி ஒருவாட்டி நகத்துங்க" என்று குரல் கொடுத்தாள். மாடிப்படியில் கிழவரின் காலடி ஏறியது. செங்கல் உருளும் சத்தம் கேட்டது.

கோணி விலகியது.

தடித்த கண்ணாடியிலும் தூசியிலும் வடிந்து மங்கிய வெயில் சதுரமாக அவள் முகத்தில் விழுந்தது. முள் துள்ளி எட்டில் போய் நின்றது. மேலே, தூசி படிந்த கண்ணாடிக்கு அப்பால், சுப்பிரமணியின் முகம் நிழலாகக் குனிந்து பார்த்தது.

"ஐயோ" என்றான் அன்புசெல்வன்.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"இதான். இப்பிடித்தான் காயத்ரி. கேமரா வழியா பாத்துக்கினே இருக்கேன், திடீர்னு அம்மா மூஞ்சி பளிச்சினு ஆச்சு. கண்ணு தொறந்தாப்பல இருந்துது. என்னையே பாத்தா. அடுத்த நொடி மறுபடியும் இருட்டு. யாருகிட்ட சொல்றது? சொன்னா பைத்தியம்பாங்க. கழுவினா... அதுல கண்ணத் தொறந்துக்கினு இருந்தா இன்னா பண்றதுன்னுதான்..."

காயத்ரி எழுந்து உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டியில் ஒரு வருஷமாக உறைந்து கிடந்தது பிலிம் மட்டுமல்ல என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"அப்ப அந்த ஒரு படம் எட்டு. மத்தது முப்பத்தஞ்சும் அஞ்சு" என்றாள் மெதுவாக. "அஞ்சுக்குக் கழுவினா அந்த ஒண்ணு வெந்து போயிடும். எட்டுக்குக் கழுவினா மத்ததெல்லாம் இருட்டு. சரி, அந்த நொடியில நீ அமுக்கினியா?"

அன்புசெல்வன் தன் வலது கையின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல."

போய் ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக, அந்த இடத்தில் ஒதுங்காமல் வந்து நின்றான்.

"டேய் அன்பு!"

மேலேயிருந்து வந்தது அந்தக் குரல். நடுவில் மருமகள் இல்லாமல், நேராக.

"எத்தினி நேரம்டா புடிச்சிக்கினே குந்திக்கினு இருக்கறது? போடட்டுமா, எடுத்துடட்டுமா?"

அன்புசெல்வன் அண்ணாந்து பார்த்தான். வெயில் கண்ணில் அடித்தது. கூசியது. கையால் மறைக்கவில்லை.

"எடுத்துடு நைனா."

கோணி இழுபடும் சத்தம் கூரை நீளத்துக்குக் கேட்டது. கூடம் முழுக்க வெளிச்சம் பரவியதில் சுவரிலிருந்த கழுத்து இன்னும் வெளுத்தது. அவன் மூடிய கைக்குள் டப்பாவின் மேலிருந்த பனி உருகி, சொட்டுச் சொட்டாக, அம்மா தலை வைத்திருந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தா, எட்டா என்று காயத்ரியும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.